கழுகுமலை: ஒரு மலையும் நான்கு ரத வீதிகளும்

(வானொலியில் ஒலிபரப்பான சிந்தனை உரை. கேட்கத் தவறியவர்களுக்காக நம் பங்கு மடலில் மீண்டும் வெளியிடப்படுகிறது.)



குருவிகுளத்துக்காரர் ஒருவரிடம் வெளியூரில் யாராவது, "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், "சங்கரன்கோவில் பக்கம்" என்பார். இன்னும் புரியவில்லை என்றால், "கழுகுமலை தெரியுமா? அதுக்குப் பக்கத்துல" என்பார். குருவியின் பெயரைத் தாங்கிய ஊர், கழுகின் பெயரைத் தாங்கிய ஊரைக் காட்டித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அவ்வளவு பழகிய ஊர் அது. கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே பேருந்தில் போகிற யாரும் அந்த மொட்டைப் பாறை மலையைப் பார்க்காமல் கடக்க முடியாது. ஆனால் பழகிய ஊரைத்தான் நாம் சரியாகப் பார்ப்பதில்லை. டெல்லியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து அந்த மலையில் ஏறி இறங்கிப் போகிறார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற நம் பிள்ளைகளில் பலர் இன்னும் ஏறியதில்லை.

அதனால் சென்ற விடுமுறையில் நம் பீடச்சிறுவர்களை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். இன்று உங்களோடு பகிர்ந்துகொள்வது அந்தப் பயணத்தில் நான் கண்டதும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும், அதனால் என் மனத்தில் எழுந்த ஒரு கேள்வியும்தான்.

கழுகுமலை இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. சுற்றிலும் நம்முடையதைப் போலவே கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, கம்பு, சோளம். மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ். ஊரின் நடுவே மலை. மலையடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். கோயிலைச் சுற்றி ரத வீதிகள். அந்த வீதிகளை ஒட்டிக் கடைகளும் வீடுகளும். ஊர் அவ்வளவுதான், ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. இராமாயணத்தில் வரும் கழுகு சடாயு நமக்குத் தெரியும். சீதையைக் காப்பாற்றப் போய்ச் சிறகு வெட்டுண்டு இறந்த அந்தப் பறவைக்கு ஈமக்கடன் செய்தவர் இராமர். சடாயுவின் அண்ணன் சம்பாதி. தன் தம்பிக்குத் தானே கடைசிக் கடன் செய்ய முடியாமல் போயிற்றே என்று மனம் நொந்த சம்பாதி, இந்த மலைக்கு வந்து முருகனை வழிபட்டு அமைதி பெற்றதாகத் தலபுராணம் சொல்கிறது. கழுகு வழிபட்ட மலை, கழுகுமலை. தம்பியை இழந்த அண்ணனின் துக்கத்தில் பிறந்த பெயர் இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் இதற்கு வருவோம்.

ஆனால் கல்வெட்டுகள் இந்த ஊரைச் சொல்கிற பெயர் வேறு. அரைமலை என்றும் நெச்சுரம் என்றும் அவை சொல்கின்றன. அந்தப் பெயர்களைப் படிக்க வேண்டும் என்றால் மலையேற வேண்டும்.

பாறையில் வெட்டிய படிகள் வழியாக ஏறிப் போனால், பெரிய பாறைச் சுவர் முழுவதும் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள். ஏறத்தாழ 150 உருவங்கள் இருக்கும். மூன்று வரிசையாக, நான்கு வரிசையாக, ஒரே அளவில், கண்மூடி அமர்ந்திருக்கிறார்கள். பீடச்சிறுவர்களில் ஒருவன் எண்ணத் தொடங்கி அறுபதுக்கு மேல் குழம்பிவிட்டான். சற்றுத் தள்ளி, ஐந்து தலை நாகம் குடைபிடிக்க நிற்கிறார் பார்சுவநாதர். கால்களில் கொடி சுற்றிப் படர்ந்தும் அசையாமல் தவத்தில் நிற்கிறார் பாகுபலி. சிங்கத்தோடும் குழந்தைகளோடும் நிற்கிறாள் அம்பிகா இயக்கி.

இந்த உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏறத்தாழ நூறு. காலம் 8, 9ஆம் நூற்றாண்டுகள், பாண்டியர் ஆட்சி. ஐரோப்பாவில் சார்லமேன் பேரரசராக முடிசூடிய 800ஆம் ஆண்டை ஒட்டிய காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் இந்த மலை ஒரு பள்ளி. படுக்கிற பள்ளியும் அதுதான், படிக்கிற பள்ளியும் அதுதான். ஆசிரியர்கள் இருந்தார்கள், தூரத்து ஊர்களிலிருந்து வந்த மாணாக்கர்கள் இருந்தார்கள். குரத்தியார் என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியர்களும் இருந்தார்கள். 1200 ஆண்டுகளுக்கு முன்னால், நம் கரிசல் காட்டில், ஒரு பெண் ஆசானாக அமர்ந்து பாடம் சொன்னாள் என்பதைப் பாறையே எழுதி வைத்திருக்கிறது. நம் வீட்டுப் பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்க இன்னும் யோசிக்கிறவர்கள் ஒருமுறை மலையேறிப் பார்க்கலாம்.

அந்தக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் சொல்கிற இன்னொரு செய்தி என்னை நிறுத்தியது. பெரிய வெற்றி முழக்கங்கள் அங்கே குறைவு. பெரும்பாலானவை ஒரு வரி, இரண்டு வரி. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்த திருமேனி என்று இருக்கும். பலர் அதைத் தமக்காகச் செய்யவில்லை. இறந்துபோன தம் ஆசிரியருக்காக, தம் உறவினருக்காக, அவர்களுடைய நன்மைக்காகச் செய்திருக்கிறார்கள். ஒரு கல்வெட்டு, பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் ஆய் மன்னன் கருநந்தனோடு நடந்த போரில் மடிந்த வீரர்களை நினைவுகூர்கிறது. பழைய பாறைகள் இருக்கிற இடத்துக்கெல்லாம் நாம் இன்று போய் என்ன செய்கிறோம்? ஆணியாலும் சுண்ணாம்பாலும் நம் பெயரை எழுதிவிட்டு வருகிறோம். அவர்கள் பிறர் பெயரால் ஓர் உருவம் செய்து வைத்தார்கள். அது நிற்கிறது.

சமண உருவங்கள் இருக்கும் அந்த இடத்திலேயே ஓர் அய்யனார் கோயிலும் இருக்கிறது. சமணப் பள்ளி மறைந்த பிறகும் ஊர் மக்கள் அந்த உருவங்களை உடைத்து எறியவில்லை. தங்கள் சாமியைப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டார்கள்.

அங்கிருந்து மலையின் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது வெட்டுவான் கோயில். நேயர்களே, கோயில் கட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். கீழே அடித்தளம் போட்டு மேலே எழுப்புவார்கள். இது கட்டிய கோயில் அல்ல, வெட்டிய கோயில். மலைப்பாறையை மேலிருந்து கீழாகச் சுற்றிலும் ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, நடுவில் விட்ட ஒற்றைப் பாறையை முதலில் சிகரம், பிறகு கழுத்து, பிறகு சுவர் என்று மேலிருந்து செதுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். மராட்டிய மாநிலத்தில் எல்லோராவில் உள்ள கயிலாசநாதர் கோயிலும் இந்த முறையில் ஆனதுதான். இரண்டும் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இந்த வேலையில் ஒரு வசதி இல்லை. தவறாக ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைக்க முடியாது.

மேலே உமாமகேசுவரர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருப்பது போல அமர்ந்திருக்கிறார்கள். தென்பக்கத்தில் தட்சிணாமூர்த்தி, வழக்கமாக மௌனமாகப் பாடம் சொல்பவர், இங்கே மத்தளம் வாசிக்கிறார். நரசிம்மர் இருக்கிறார், பிரமன் இருக்கிறார், நந்திகள் இருக்கின்றன, குள்ள உருவமான பூதகணங்கள் குறும்பாகச் சிரிக்கின்றன. மேலே எல்லாம் முழுமை. கண் கீழே இறங்க இறங்க உளித் தடம்தான் தெரிகிறது. கீழே வெறும் பாறை. கோயில் முடியவில்லை.

"ஏன் பாதர் முடிக்காம விட்டுட்டாங்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

ஊரில் சொல்கிற கதையை அவனுக்குச் சொன்னேன். தந்தையும் மகனும் சிற்பிகள். இருவரும் இந்த மலையில் தனித்தனியே வேலை செய்தார்கள். மகனுடைய வேலை தன்னுடையதைவிடச் சிறப்பாக அமைந்ததைக் கண்ட தந்தை, பொறாமையால் கையிலிருந்த கருவியை வீசி மகனைக் கொன்றுவிட்டார். அதோடு வேலை நின்றது. இது வரலாறு அல்ல, கதை. உண்மையில் அரசியல் மாறியிருக்கலாம், பொருள் இல்லாமல் போயிருக்கலாம், பாறையில் விரிசல் கண்டிருக்கலாம். ஆனால் கதையைச் சொல்லி வைத்த ஊர் ஏதோ ஒன்றை அறிந்திருக்கிறது. தன் வீட்டுக்காரன் தன்னைவிட உயர்ந்துவிட்டான் என்ற எரிச்சல் வந்தால், கடவுளுக்கான வேலைகூடப் பாதியில் நின்றுவிடும்.

மலையிலிருந்து இறங்கி வந்தால் முருகன் கோயில். மலையைக் குடைந்த கருவறை, மேற்குப் பார்த்த சந்நிதி. பங்குனி உத்திரத் திருவிழா இந்தச் சுற்று வட்டாரத்துக்கே பெரிய விழா. காவடி எடுத்து நடந்து வருகிறவர்களை நம் ஊர்ச் சாலையிலும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்காகவே பாட்டெழுதியவர் நம் சங்கரன்கோவில் வட்டாரத்துக்காரர். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் இருந்தவர். கழுகுமலை முருகன்மேல் அவர் பாடிய காவடிச் சிந்து, நடக்கிறவர் காலடிக்கு ஏற்ற தாளத்தில் அமைந்தது. முப்பது வயதை எட்டுமுன் இறந்துவிட்டார். பாட்டு இன்றும் நடக்கிறது.

இதுவரை நான் சொன்னது சுற்றுலாப் புத்தகங்களிலும் இருக்கும். இனிச் சொல்லப்போவதை நாம் அடிக்கடி பேசுவதில்லை. பேச வேண்டியது.

அந்த நாளில் கழுகுமலை, எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்ட ஊர். 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊர் நாடார் மக்கள் வணிகத்தால் ஓரளவு வசதி பெற்றார்கள். கடை வைத்தார்கள், வீடு கட்டினார்கள். ஆனால் கோயிலுக்குள் நுழைய அவர்களுக்கு அனுமதி இல்லை. கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் தங்கள் திருமண ஊர்வலத்தைக் கொண்டுபோகவும் அனுமதி இல்லை. ரத வீதி தெருதானே, தெரு எல்லோருக்கும் பொதுதானே என்று அவர்கள் கேட்டார்கள். அது கோயிலுக்கு உரியது, வழக்கம் இல்லை என்று ஜமீன் தரப்பு சொன்னது. வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. கேட்டது கிடைக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் கழுகுமலை நாடார்களில் பலர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்கள். நம்பிக்கைக்காகச் சேர்ந்தார்களா, தெருவுக்காகச் சேர்ந்தார்களா என்று வரலாற்றாசிரியர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டு நாம் சங்கடப்பட வேண்டியதில்லை. தலை நிமிர்ந்து ஒரு தெருவில் நடக்க வேண்டும் என்ற ஆசை கடவுளுக்கு அந்நியமான ஆசை அல்ல.

தேரோடும் வீதியில் அவர்களுக்கு ஒரு சிற்றாலயம் இருந்தது. 1895ஆம் ஆண்டு பங்குனித் திருவிழா. தேர் வருகிற வழியில் அந்தச் சிற்றாலயத்தின் முன்னே பந்தல் இருந்தது. தேருக்கு இடைஞ்சல், பந்தலைப் பிரியுங்கள் என்று ஒரு தரப்பு. பிரிக்க மாட்டோம் என்று ஒரு தரப்பு. வாக்குவாதம் கைகலப்பானது, கைகலப்பு வெட்டுக்குத்தானது. ஜமீன் மேலாளர் உட்பட இரு பக்கமும் மனிதர்கள் மாண்டார்கள். வீடுகள் எரிந்தன. தேர் அன்று நிலைக்கு வந்து சேர்வதற்குள் ஊர் இரண்டாகிவிட்டது.

ஒரு பந்தலைப் பிரிக்க ஒரு மணி நேரம் போதும். ஒரு தேர் ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் குறைந்துபோகாது. ஆனால் அன்று அந்தத் தெருவில் நின்றது பந்தலும் தேரும் அல்ல. பல தலைமுறையாக 'நீ இங்கே வரக்கூடாது' என்று சொன்ன ஒரு குரலும், 'வந்தே தீருவேன்' என்ற இன்னொரு குரலும். அநீதி எந்தப் பக்கம் தொடங்கியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தெருவை மறுத்தது அநீதி. ஆனால் இறந்தவர்கள் எல்லாரும் யாரோ ஒரு வீட்டின் மகன், யாரோ ஒருவரின் அண்ணன், தம்பி. தம்பிக்குக் கடன் செய்ய முடியாத அண்ணனின் துக்கத்தால் பெயர் பெற்ற மலையின் கீழே, அன்று எத்தனை அண்ணன்மார் தம்பிகளை அடக்கம் செய்தார்களோ!

அதோடு முடியவில்லை. 1899இல் சிவகாசியில் பெருங்கலவரம். கமுதிக் கோயில் நுழைவு வழக்கு இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றபோதுதான் கதவு திறக்கத் தொடங்கியது. 1947இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. கழுகுமலையில் இரத்தம் சிந்தி அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

நேயர்களே, இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "பாருங்கள், அவர்கள் மறுத்தார்கள், நாம் ஏற்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். அது நேர்மை ஆகாது. இதே திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர் இருக்கிறது. பழமையான கத்தோலிக்க ஊர். அங்கே 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயத்தில் ஒரே பீடம், ஆனால் இரண்டு கூடம். ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம், நடுவே சுவர். ஒரே அப்பத்தை உண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க ஒரு சுவர். 1910ஆம் ஆண்டில் அந்தச் சுவரைத் திருச்சபையே இடித்தது. இடித்ததற்கு எதிராக நம் மக்களே வழக்குப் போட்டார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கழுகுமலையில் ஒரு தெருவுக்காக வழக்காடியவர்கள் ஒரு பக்கம், வடக்கன்குளத்தில் ஒரு சுவருக்காக வழக்காடியவர்கள் ஒரு பக்கம். இரண்டிலும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழுகுமலைக்கு அதிகத் தூரமில்லாத காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா ஆலயம் இருக்கிறது. ஆகஸ்டு 15 திருவிழாவுக்கு நம்மில் பலர் போகிறோம். வீரமாமுனிவர் பணிபுரிந்த பழைய பங்கு அது. அந்த ஆலயம் வேரூன்றிய நாளில் ஆதரவு தந்தவர்கள் எட்டயபுரம் பாளையக்காரர்கள் என்பதை அந்தப் பங்கு இன்றும் நன்றியோடு நினைக்கிறது. ஒரே எட்டயபுரம், ஒரு காலத்தில் ஒரு மாதா கோயிலுக்கு நிழல் தந்தது. இன்னொரு காலத்தில் ஒரு தெருவை மறுத்தது. மனிதர்கள் அப்படித்தான். நல்லவர் பட்டியல், கெட்டவர் பட்டியல் என்று ஊரையோ சாதியையோ மதத்தையோ பிரித்து எழுதி வைத்துக்கொள்ள வரலாறு இடம் தருவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் தெருவைத் தானே திறக்க வேண்டியிருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் பங்குத்தந்தையாக இருந்தேன். திருவிழாச் சப்பரம் மூன்று தெரு சுற்றி, நான்காவது தெருமுனையில் திரும்பிவிடும். அந்த நான்காவது தெருவிலும் நம் மக்கள்தான். முதல் ஆண்டு அந்த முனையில் ஒரு பாட்டி கையில் மெழுகுதிரியோடும் மாலையோடும் நின்றார். சப்பரம் திரும்பியது. அவர் ஓடி வந்து மாலையைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். "ஏன் அந்தத் தெருவுக்குப் போகவில்லை?" என்று உபதேசியாரிடம் கேட்டேன். "தெரு குறுகல் சாமி, கரண்ட் கம்பி தாழ்வா இருக்கு" என்றார். எனக்கு உண்மை தெரியும். ஆனாலும் புதுச் சாமியாராக வந்து பிரச்சினை வேண்டாம் என்று அந்த ஆண்டு பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டாம் ஆண்டும் பேசவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் இன்றும் என்னை உறுத்துகின்றன.

மூன்றாம் ஆண்டு கூட்டம் போட்டுப் பேசினோம். சண்டை வந்தது. சிலர் வரி தர மாட்டோம் என்றார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து, "சப்பரத்துல இருக்கிறது நம்ம மாதாவா, நம்ம தெருவோட மாதாவா? அதை மட்டும் முடிவு பண்ணுங்க" என்றார். அதன்பின் கூட்டம் அமைதியானது. அந்த ஆண்டு சப்பரம் நான்காவது தெருவுக்குப் போனது. கம்பி ஒன்றும் இடிக்கவில்லை. இருபது நிமிடம் தாமதம், அவ்வளவுதான். அந்தப் பாட்டி அதற்கு முந்திய மழைக்காலத்தில் இறந்துவிட்டிருந்தார். அவருடைய மகள் அதே முனையில் மாலையோடு நின்றாள். திரும்பிப் போகுமோ என்று கடைசி வரை அவளுக்குச் சந்தேகம்.

நல்ல சமாரியர் உவமை நமக்கு மனப்பாடம். அந்தக் கதையும் ஒரு சாலையில்தான் நடக்கிறது, ஆலயத்துக்குள் அல்ல. அடிபட்டுக் கிடந்தவரைக் கண்ட இரண்டு பேர் சாலையின் மறுபக்கமாக விலகிப் போனார்கள். ஒரே சாலைக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை அன்றே சிலர் அறிந்திருந்தார்கள்.

இன்று கழுகுமலை ரத வீதிகளில் எல்லோரும் நடக்கிறார்கள். கோயிலும் இருக்கிறது, நம் ஆலயமும் இருக்கிறது, கடைத்தெருவில் எல்லோரும் எல்லோரிடமும் வாங்குகிறார்கள். அன்றைய தழும்பு வெளியே தெரியாது. தழும்பு ஆறியதற்காக நன்றி சொல்வோம். அது ஏன் உண்டானது என்பதை மறக்காமலும் இருப்போம்.

இறங்கி வரும்போது அந்தப் பையன் மறுபடியும் வெட்டுவான் கோயிலைத் திரும்பிப் பார்த்தான். "யாராவது வந்து மீதியை முடிக்க முடியாதா பாதர்?" என்றான். "அதைத் தொடக்கூடாதுப்பா, தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கு" என்றேன். பிறகு யோசித்தேன். அந்தக் கோயிலை நாம் முடிக்க முடியாது. ஆனால் மேலே சிகரம் மட்டும் அழகாக இருந்து கீழே பாறையாகவே நிற்கிற வேலை வேறொன்று நம்மிடம் இருக்கிறது. நம் செபம், நம் பாட்டு, நம் திருவிழா எல்லாம் மேலே பளபளக்கின்றன. கீழே, தெருவில், அடுத்த வீட்டாரோடு உள்ள உறவில், இன்னும் உளி படவே இல்லை.

இந்தச் சுற்று வட்டாரத்தில் திருவிழாக் காலம் தொடங்கப்போகிறது. கொடியேற்றம், நவநாள், சப்பரம் என்று எல்லா ஊரிலும் கூட்டம் போடுவீர்கள். வரி எவ்வளவு, மைக் செட்டு யார், வாணவேடிக்கை எவ்வளவுக்கு என்று பேசுவீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நம் சப்பரம் எந்தத் தெருமுனையில் திரும்புகிறது, ஏன்?

பதில் கரண்ட் கம்பி என்றால், ஒருமுறை போய்க் கம்பியை அளந்து பார்த்துவிடுங்கள்.